வசூலுக்கு வருபவர்கள் வாசலில் நிற்கும்போது சட்ட உதவியை எங்கே தேடுவது?

காரிமங்கலம் வட்டத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர், பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் எழுதியிருக்கும் கடிதம்:

"வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். மகளிர் குழு மூலம் ஒரு நிறுவனத்தில் 60,000 ரூபாயும், இன்னொரு நிறுவனத்தில் தனிநபர் கடனாக 45,000 ரூபாயும் வாங்கியிருக்கிறேன். பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த என் கணவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டில் இருக்கிறார். அப்போதைய செலவுக்காக ஊரிலுள்ள ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் 30,000 ரூபாய் தண்டல் வாங்கினேன். 4,500 ரூபாய் பிடித்துக்கொண்டு 25,500 கொடுத்தார். தினம் 300 வீதம் பாதி நாள் கட்டினேன், பிறகு முடியவில்லை. அவரிடம் எழுதாத புரோநோட்டும் இரண்டு வெற்றுக் காசோலைகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஐந்து வாரமாகக் குழுத் தவணையும் கட்டவில்லை. காலை ஏழு மணிக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்கள், இரவிலும் வருகிறார்கள். குழுப் பெண்களை அழைத்து வந்து சத்தம் போட வைக்கிறார்கள். போலீசில் பிடித்துக் கொடுப்போம், ரேஷன் கார்டைப் பிடுங்குவோம் என்கிறார்கள். ஃபைனான்ஸ்காரர் எங்கள் வீட்டு மனையை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். என் கணவர், நான் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பேசுகிறார். என்னைக் கைது செய்ய முடியுமா? வக்கீல் வைக்கப் பணமில்லாதவர்கள் என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கணவர் சொன்னதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வெறும் ஆற்றாமைப் பேச்சாக இருக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அவரைத் தனியே இருக்க விடாமல், இன்றே உறவில் ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள். கட்டணம் இல்லாத 14416 என்ற மனநல உதவி எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 சேவையிலும் தமிழிலேயே பேசலாம். கடனுக்குத் தீர்வு உண்டு, அதற்கான நேரமும் இருக்கிறது என்பதை இந்தப் பதிலைப் படித்துக் காட்டியாவது அவருக்குச் சொல்லுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கடன் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அது உரிமையியல் விவகாரம். அதற்காகக் காவல் துறை உங்களைக் கைது செய்ய முடியாது. கடன் கொடுத்தவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தீர்ப்பாணை பெற்று, அதை நிறைவேற்றக் கோருவதுதான் அவருக்கு உள்ள வழி. அப்படி நிறைவேற்றும் கட்டத்திலும், பணம் செலுத்த வேண்டிய தீர்ப்பாணைக்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆவது பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 60ஆவது பிரிவு, சமையல் பாத்திரம், படுக்கை, அவசியமான துணிமணி, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாதவை என்று பட்டியலிடுகிறது. உங்கள் தாலியும் அடுப்பங்கரைப் பாத்திரங்களும் அந்தப் பாதுகாப்புக்குள் வருபவை. நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் வசூலுக்கு வரும் ஒருவருக்கு எங்கிருந்து வரும்? ரேஷன் கார்டையோ ஆதார் அட்டையையோ பிடுங்கவோ முடக்கவோ எந்தக் கடன் நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடன் குற்றமல்ல என்றாலும் காசோலை விவகாரம் வேறு. நீங்கள் கொடுத்த வெற்றுக் காசோலையை அந்த ஃபைனான்ஸ்காரர் தொகை எழுதி வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி அது குற்ற வழக்காகும். கையெழுத்து மட்டும் போட்டு விரும்பிக் கொடுத்த வெற்றுக் காசோலையாக இருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் அதற்கும் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த அனுமானத்தை மறுத்து நிரூபிக்கலாம், ஆனால் அதற்கு நீங்கள் முதல் நாளிலிருந்தே விழிப்பாக இருக்க வேண்டும். காசோலை திரும்பினால் முதலில் உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வரும். அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து பணத்தைக் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. தபால்காரரிடம் வாங்க மறுப்பதும், வாங்கிப் பரணில் போடுவதும் நம் ஊர்ப்பக்கம் வழக்கமாக நடக்கிறது. அதைப் போல் கெடுதல் செய்வது வேறில்லை. நோட்டீஸை வாங்கி, உறையையும் பத்திரப்படுத்தி, அந்த 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். எவ்வளவு வாங்கினேன், எவ்வளவு கட்டினேன், காசோலை எந்த நிலையில் கொடுக்கப்பட்டது என்று அந்தப் பதிலில் எழுதுவதுதான் பிற்பாடு உங்கள் எதிர்வாதத்துக்கு அடிப்படை. இரண்டாவது நிறுவனம் உங்கள் வங்கிக் கணக்கில் தானாகத் தவணை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு செய்திருந்தால், அது திரும்பும்போதும் இதே போன்ற வழக்குக்கு இடமுண்டு. ஆகவே அந்த நோட்டீஸையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்ற கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன். நீங்கள் பெண் என்ற ஒரே காரணத்தால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 12ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே இலவச சட்ட உதவிக்கு உரியவர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமான வரம்புக்குள் இருக்கும் மற்றவர்கள் ஆகியோருக்கும் இந்த உரிமை உண்டு. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. உங்களுக்கு அருகில் என்றால் பாலக்கோடு நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமானதால், ஓசூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கத்து வாசகர்கள் கிருஷ்ணகிரியில் உள்ள ஆணைக்குழுவையோ தங்கள் வட்டத்து நீதிமன்றத்தையோ அணுக வேண்டும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் நீதிமன்ற வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிய மனுவே போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கிருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதிக் கொடுப்பார். மனுவைப் பார்ப்பவர் ஆணைக்குழுவின் செயலாளர், அவர் ஒரு நீதிபதி. அவர் உங்களுக்கு ஒரு வழக்கறிஞரை நியமிக்கலாம், அல்லது வழக்குக்கு முந்தைய சமரசத்துக்காக நிறுவனத்துக்கு அழைப்பு அனுப்பி எதிரெதிரே உட்கார வைத்துப் பேசலாம். அப்படி நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் செயலாளரிடமே சொல்லலாம்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். சட்ட உதவி உங்கள் கடனைத் தள்ளுபடி செய்யாது. பேச்சைத் திண்ணையிலிருந்து மாற்றி, இரு தரப்பும் கணக்கோடு பேச வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவதே அதன் பயன். கடனைத் தள்ளுபடி வாங்கித் தருகிறோம், இனித் தவணையே கட்டாதீர்கள் என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களை நம்பி ஏமாற வேண்டாம்.

அங்கே போகுமுன் உங்கள் மூன்று கடன்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் முறையிடும் இடம் வேறு.

முதல் இரண்டும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் கொடுத்தவை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கப்படும் எந்தக் கடனும், குழுக் கடனானாலும் தனிநபர் கடனானாலும், 2022இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி நுண்கடன்தான். அதனால் உங்கள் இரண்டு கடன்களுக்கும் ஒரே விதி. தவணையை வாங்க வேண்டிய இடம் இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடம், அதாவது உங்கள் சென்டர். அங்கே தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் வராமல் இருந்தால் மட்டுமே ஊழியர் வீட்டுக்கு வரலாம். நீங்கள் ஐந்து வாரம் தவறவிட்டிருப்பதால் அவர்கள் வீட்டுக்கு வந்தது தவறு என்று சொல்ல முடியாது, மனுவில் அப்படி எழுதவும் வேண்டாம். தவறு வேறு இடங்களில் இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்வது, மிரட்டுவது, கேவலமாகப் பேசுவது, உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் தொல்லைப்படுத்துவது, கடன் வாங்கியவரின் பெயரை ஊரறியச் செய்வது, கட்டாவிட்டால் இன்னது நடக்கும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவது ஆகிய எல்லாமே அந்த நெறிமுறைகளில் தடை செய்யப்பட்டவை. வாகனக் கடன் போன்ற மற்றக் கடன்களுக்கு இந்த நேரம் காலை 8 முதல் மாலை 7 வரை என்பதை மற்ற வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

உங்கள் லோன் கார்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வட்டி, கட்டணம், தவணை விவரங்களும், நீங்கள் கட்டிய ஒவ்வொரு தொகைக்கான ஒப்புகையும் அதில் இருக்க வேண்டும். குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வாரக் கட்டத்திலும் ஊழியரின் கையெழுத்து இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் சேர்த்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன கட்டங்கள் வெறுமையாக இருந்தால், அந்தத் தேதிகளைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், குழுவில் அதைப் பார்த்தவர் பெயரையும் சேர்த்து. அபராதம் போட்டிருந்தால், தவறிய தவணைத் தொகைக்கு மட்டுமே போட வேண்டும், மொத்தக் கடனுக்கும் போட முடியாது. கடனோடு காப்பீட்டுக்கென்று பணம் பிடித்திருந்தால் அது கணவருக்கும் உண்டா, விபத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பிறகு நிறுவனத்தின் கிளைக்கும் அந்தக் குறைதீர்க்கும் அலுவலருக்கும் ஒரு புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புகார் எழுதும் முறைதான் அதன் பாதி பலம். 'தினமும் வந்து கொடுமைப்படுத்துகிறார்கள்' என்று எழுதினால் படிப்பவருக்கு விசாரிக்க எதுவும் கிடைக்காது. 'இன்ன தேதி காலை 7 மணிக்கு, இந்த நிறத்துச் சட்டை அணிந்த, இந்தப் பெயர் சொன்ன ஊழியர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, உன் ரேஷன் கார்டைப் பிடுங்குவேன் என்றார், எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்' என்று எழுதினால் மறுப்பது கடினம். வசூல் முகவர் என்று வருபவரிடம் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். அவற்றைக் கொண்டுவருவது அவர் கடமை. தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்திருந்தால் அந்தத் தொலைபேசியிலேயே அழிக்காமல் வைத்திருங்கள், நீதிமன்றத்தில் மூலக் கருவி தேவைப்படலாம்.

அதே கடிதத்தில், கணவரின் விபத்தைச் சொல்லி, மருத்துவச் சான்றின் நகலை இணைத்து, எவ்வளவு காலம் அவகாசம் வேண்டும், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று உங்களால் உண்மையிலேயே முடிந்த தொகையை எழுதுங்கள். இதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். கட்ட மனமில்லாதவர் என்று உங்களைக் காட்ட முனைபவர்களுக்கு எதிராக, நீங்களே முன்வந்து எழுதிய அந்த ஒரு கடிதம் கடைசிவரை பேசும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

குழுப் பெண்களைப் பற்றிக் கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அவர்களையும் அதே ஊழியர்தான், நீங்கள் கட்டாவிட்டால் அவர்களுக்கு அடுத்த கடன் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருப்பார். நம் மாவட்டத்தில் ஆண்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விட, கடன் பத்திரத்தில் கையெழுத்தும் வாரந்தோறும் அவமானமும் பெண்களுடையதாகவே இருக்கிறது. முடிந்தால் குழுவில் உங்களோடு இணக்கமாக இருக்கும் ஒருவரையும் சட்ட உதவி அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் எதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள், பிணைதாரராகவா வெறும் சாட்சியாகவா என்று பத்திரத்தைப் பார்த்தால்தான் அவர்களின் பொறுப்பு என்னவென்று சொல்ல முடியும்.

மூன்றாவது கடன் அடியோடு வேறு. தனியார் ஃபைனான்ஸ்காரர் மீது ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற பெயர்கள் அந்தச் சட்டத்தின் சொற்பொருள் பிரிவிலேயே இருக்கின்றன. தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் ஆகும். உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். கையில் வந்தது 25,500. 100 நாளில் திருப்பித் தர வேண்டியது 30,000. நாளுக்கு 300 வீதம் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்களிடம் இருந்த பணம் அதில் ஏறக்குறையப் பாதிதான், சுமார் 12,750. அதற்கு 100 நாளில் 4,500 வட்டி என்றால், ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. நூற்றுக்குப் பதினைந்துதானே பிடித்தார் என்று தோன்றும்படி தண்டல் கணக்கு அமைந்திருப்பதால்தான் அதன் கொடுமை வெளியே தெரிவதில்லை. நியாயமாகச் சேர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரும் வழியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வழக்கறிஞரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இதோடு, கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தாரையோ மிரட்டுவது, பின்தொடர்வது, வீட்டுக்கு அடிக்கடி வந்து தொல்லை கொடுப்பது போன்றவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. அரசு நலத்திட்ட ஆவணங்களைப் பறிப்பதற்கும் அதில் தண்டனை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவின்படி மிரட்டலும், 79ஆவது பிரிவின்படி பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல்லும் செய்கையும் தனிக் குற்றங்கள். இவற்றுக்காகப் புகார் செய்ய 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மிரட்டும் நேரத்திலேயே 112 என்ற அவசர உதவி எண்ணையோ 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ அழைக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். புகாரை வாங்க மறுத்தால் அதையே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் நடவடிக்கை இல்லையென்றால் வழக்கறிஞர் மூலம் குற்றவியல் நடுவரிடம் போகலாம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பதும் பயன் தரும், ஆனால் அது காவல் நிலையப் புகாருக்கு மாற்று ஆகாது.

சமரசம் பேச மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். அங்கே எட்டப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மீது மேல்முறையீடு கிடையாது. அதனால்தான், அன்றைக்கு அந்த இடத்தைவிட்டு வெளியே வந்தால் போதும் என்ற மனநிலையில், கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. பேசி முடித்த தொகையைக் கட்டியபின் கடன் முடிந்ததற்கான சான்றும், ஃபைனான்ஸ்காரரிடமிருந்து புரோநோட்டும் காசோலைகளும் திரும்ப வர வேண்டும். ரசீது இல்லாமல் இனி ஒரு ரூபாயும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

கணவர் வேலை செய்த இடத்தில் விழுந்தவர் என்பதால், வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அதற்குக் கால வரம்பு இருப்பதால் சட்ட உதவி வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருந்தால் அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, மனையை எழுதிக் கொடுக்கச் சொல்வது பற்றி. எந்த நிலையிலும் செய்யாதீர்கள். சும்மா ஈடாகத்தான், பணம் கட்டியதும் ரத்து செய்துவிடலாம் என்று சொல்லி, கிரய ஒப்பந்தமாகவோ பொது அதிகாரப் பத்திரமாகவோ பதிவு செய்து வாங்கிக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய முறை. பதிவான பத்திரத்தை ரத்து செய்ய உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். மனையின் மூலப் பத்திரத்தையும் பட்டா நகலையும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். கணவர் பெயரிலும் மனை இருந்தால் அவரிடமும் இதைச் சொல்லி, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போக யாராவது வண்டியோடு வந்தால் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். வற்புறுத்தினால் அதையும் தேதி, நேரம், ஆள் பெயரோடு எழுதி அன்றைக்கே காவல் நிலையத்தில் கொடுங்கள், அதன் நகலைச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் சேருங்கள்.